நீர் தேங்கும் ஒழுங்கைகள்: இணைய வரைபடம்
உறுப்பினர்களுக்கு வணக்கம். மழைக்காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் நீர் தேங்கும் ஒழுங்கைகளைக் குறிப்பதற்காக, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை அடித்தளமாகக் கொண்ட யூமேப் தளத்தில் நாம் தொடங்கிய வரைபடத்தின் பார்வை இணைப்பைக் குழுவில் பகிர்ந்துள்ளேன். ஒரு குறியைத் தொட்டால், அவ்விடத்தின் படமும் நீர் நின்ற உயரமும் திறக்கும்.

திருத்துவதற்கான இணைப்பு வேறானது. அது கையில் கிடைத்த எவரும் நமது உழைப்பு முழுவதையும் அழித்துவிட முடியும் என்பதால், தயவுசெய்து அதனை வெளியே அனுப்பாதீர்கள்.

விரிதாளிலிருந்து இடங்களை ஏற்றுவோர் அகலாங்கு, நெட்டாங்கு நிரல்களை இடம்மாற்றிவிடக் கூடாது. நேற்று 6.87, 79.86 என்ற ஆள்கூறு தலைகீழாகப் பதிவாகியதால், காலி வீதியருகே நிற்க வேண்டிய குறி ஆர்க்டிக் சமுத்திரத்தில் நின்றது. வீட்டு இலக்கங்களைச் சேர்க்க வேண்டாம்; ஒழுங்கையின் பெயரே போதும்.