புது ஸ்பிரிங் போட்ட பிறகு வரும் 'டங்' சத்தம் பற்றிய புகார்

அனுப்புநர்:
2014 மாடல் ஸ்விஃப்ட் உரிமையாளர்,
அல்சூர், பெங்களூரு

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
தலைமை அலுவலகம், கோயம்புத்தூர்

பொருள்: முன்பக்கக் காயில் ஸ்பிரிங்கைத் தவறாகப் பொருத்தியது, புகார் சொன்ன பிறகும் சரிசெய்து தராதது.

ஐயா,

உங்கள் பெங்களூரு கிளையில் மூன்று முறை நேரில் சொல்லிப் பார்த்துவிட்டேன். பில்லில் தலைமை அலுவலகம் கோயம்புத்தூர் என்று இருந்தது. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

போன மாதம் 7-ஆம் தேதி முன்பக்க சஸ்பென்ஷன் வேலைக்கு வண்டியை விட்டேன். ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் தூண்) இரண்டு, காயில் ஸ்பிரிங் இரண்டு, மேல் மவுண்ட், பேரிங், லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் கை) புஷ், வீல் அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 21,350 ரூபாய். பேரம் பேசவில்லை. தினமும் சில்க் போர்டு தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி போய்வருகிற வண்டி, பாவம், அதற்கும் வயதாகிவிட்டது.

எடுத்துவந்த அன்று இரவே, எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தபோது இடது பக்கம் 'டங்' என்றது. மறுபடி ஒடித்தேன், மறுபடி 'டங்'. மறுநாள் கிளைக்குப் போனால், "புது ஸ்பிரிங் மேடம், ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினால் செட் ஆகிவிடும்" என்றார் சர்வீஸ் அட்வைசர். ஓட்டினேன். செட் ஆகவில்லை. இரண்டாம் முறை, "உங்கள் ஏரியா ரோடு அப்படி" என்றார். பார்க்கிங்கில் ஏது ரோடு? மூன்றாம் முறை, "சாரை ஒரு தடவை வரச் சொல்லுங்கள், அவரிடம் விளக்கமாகச் சொல்கிறேன்" என்றார். இந்த வண்டிக்கும் அந்தப் பில்லுக்கும் சார் நான்தான்.

அப்புறம்தான் எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். அவர் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. தொட்டால் வெளி ஆள் கை வைத்துவிட்டார் என்று நீங்கள் சொல்வீர்கள் என்பது அவருக்கும் தெரியும். பையனை உள்ளே உட்காரவைத்து ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லி, என் கையைப் பிடித்து ஸ்பிரிங்மேல் வைத்தார். உள்ளங்கைக்கு அடியில் அது கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிக்கொண்டே வந்து, சட்டென்று ஒரு குதி குதித்தது. அதே நொடியில் 'டங்'.

பிறகு டார்ச் அடித்துக் காட்டினார். ஸ்ட்ரட்டின் கீழ்த் தட்டில் ஒரு படி இருக்கிறது. ஸ்பிரிங்கின் கீழ் நுனி அந்தப் படியில் போய் முட்டி உட்கார வேண்டும். வலது பக்கம் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது. இடது பக்கம் நுனிக்கும் படிக்கும் நடுவே என் சுண்டுவிரல் தாராளமாகப் போகிறது. ஸ்பிரிங்கை கம்ப்ரஸர் போட்டு அமுக்கி வைத்திருக்கும்போதே ஒரு திருப்பு திருப்பி நுனியைப் படியில் முட்டவைத்து, அதன் பிறகு நடு நட்டை முடுக்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. ஒரு நிமிட வேலை அது.

மேலே உள்ள பேரிங் மீதும் எனக்குச் சந்தேகம். அது சரியாக இருந்தால் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து ஸ்பிரிங்கும் லேசாகத் திரும்பும். இப்படி முறுக்கிக் குதிக்காது என்கிறார் அண்ணன். தலைகீழாகப் போட்டிருக்கிறதா, புதுசுக்குக் காசு வாங்கிக்கொண்டு பழையதையே போட்டிருக்கிறதா, பிரித்தால்தான் தெரியும். பழைய சாமான்களை அன்று கேட்டேன், "தூக்கிப் போட்டுவிட்டோம்" என்றார்கள்.

நானே டேப் வைத்து அளந்தும் பார்த்தேன். சமதளத்தில் நிறுத்தி, வீல் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை, இடது பக்கம் வலதைவிட 14 மில்லிமீட்டர் உயரம். செட் ஆவதாக இருந்தால் இரண்டும் சேர்ந்தல்லவா இறங்க வேண்டும்?

இன்னொன்றையும் அன்று உங்கள் கிளையில், காத்திருக்கும் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானே பார்த்தேன். வண்டி லிஃப்டில், சக்கரம் அந்தரத்தில் தொங்க, லோயர் ஆர்ம் போல்ட்டுகளை முடுக்கும் கன் வைத்து முழுக்க முடுக்கி முடித்துவிட்டார்கள். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் அவற்றைக் கடைசியாக முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ்ஷின் ரப்பர் எப்போதும் முறுகின நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழிந்துவிடும். அன்று எனக்கு இது தெரியாது, காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். இரண்டு ஸ்ட்ரட்டையும் என் கண்முன் கழற்றிப் பிரித்து, ஸ்பிரிங் நுனிகளைப் படியில் உட்காரவைத்து, பேரிங் இரண்டும் புதிதாகப் போட வேண்டும். லோயர் ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி முடுக்க வேண்டும். ஸ்ட்ரட்டைக் கழற்றினால் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) மாறும், எனவே அலைன்மென்ட்டும் மறுபடி பார்க்க வேண்டும். எதற்கும் நான் காசு தர மாட்டேன். செய்ய முடியாதென்றால் 21,350 ரூபாயையும் திருப்பிக் கொடுங்கள், வேறு இடத்தில் பார்த்துக்கொள்கிறேன்.

பத்து நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிவேன். அதற்கும் அசையாவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். பில் நகல், டேப் வைத்து எடுத்த படங்கள், ஸ்பிரிங் குதிக்கிற வீடியோ மூன்றையும் இணைத்திருக்கிறேன். வீடியோவைச் சத்தம் கூட்டிவைத்துப் பாருங்கள்.

சனிக்கிழமை காலை எனக்கு வசதி. வேலை முடிகிற வரை லிஃப்டுக்குப் பக்கத்திலேயே நிற்பேன், இந்தத் தடவை காபி வேண்டாம்.

இப்படிக்கு,
அல்சூர் வாடிக்கையாளர்