குனிந்து நிமிர்ந்தால் தைராய்டு ஓடிப்போகுமா?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் ஒரு வரி. "மாத்திரையை நம்பி உட்கார்ந்திருக்காமல் பெண்கள் கொஞ்சம் குனிந்து நிமிர்ந்து வீட்டு வேலை செய்தால் தைராய்டு தானாக ஓடிப்போகும்." அதைப் படித்ததும் இதழை மூடி வைத்துவிட்டேன். 26 வருடமாக வாங்குகிறேன். குறுக்கெழுத்தைக்கூடப் பார்க்காமல் மூடியது இதுதான் முதல் முறை.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். தைராய்டு சுரப்பு குறைந்துபோனதால் 17 வருடமாகத் தைராக்ஸின் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறேன். இது வருவதற்கு முன்னாலும் காலை ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்து, கோலம் போட்டு, இரண்டு வேளைச் சமையலை முடித்து, எட்டரை மணி பஸ்ஸைப் பிடித்தவள்தான். குனியாததாலோ நிமிராததாலோ எனக்கு இது வரவில்லை. என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கழுத்தில் இருக்கும் சுரப்பியைத் தாக்கிச் சிதைத்துவிட்டது. இந்த நோய் கண்ட சுரப்பிகளை ஆராய்ந்து ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1912-லேயே எழுதினார். இன்றும் அவர் பெயரில்தான் இது அழைக்கப்படுகிறது. சிதைந்துபோன சுரப்பி வீடு பெருக்குவதால் திரும்ப வேலை செய்யாது. இதெல்லாம் நீங்கள் அறியாததல்ல. அறிந்தும் அந்த வரியை எப்படி விட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

சோம்பேறி என்ற பேச்சு எனக்குப் புதிதல்ல. முதலில் என் குரல் போனது. கரகரத்துக் கட்டிக்கொண்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க முடியாமல் நின்றேன். தலை சீவினால் கொத்துக் கொத்தாக முடி வந்தது. சித்திரை மாதத்தில் மின்விசிறியை நிறுத்தச் சொல்வேன். மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண் சொருகும். 'உடம்பு வணங்கவில்லை' என்று வீட்டிலேயே சொன்னார்கள். கல்யாண வீடுகளில், நன்றாகச் சாப்பிட்டு ஊதிவிட்டாள் என்றார்கள். ஒன்றரை வருடம் சத்து டானிக் குடித்த பிறகுதான் ஒரு மருத்துவர் ரத்தத்தில் டி.எஸ்.ஹெச். பார்க்கச் சொன்னார். தைராய்டு சுரப்பு குறையக் குறைய ஏறும் அளவு அது. 4, 5-க்குள் இருக்க வேண்டியது 62 இருந்தது. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு ஆய்வுக்கூட வாசலிலேயே அழுதேன். பயத்தில் இல்லை. நான் சோம்பேறி இல்லை என்று ஒரு காகிதமாவது சொன்னதே என்று.

அப்புறம் இன்னொன்று. மாத்திரையை எழுதிக் கொடுத்தார்களே தவிர, எப்படிச் சாப்பிடுவது என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. முழங்கால் வலிக்கு வேறொரு இடத்தில் கொடுத்த கால்சியத்தையும் இதையும் சேர்த்துப் போட்டு, கையோடு காபியும் குடித்தேன். டி.எஸ்.ஹெச். இறங்கவே இல்லை. 75, 100, 125 என்று மைக்ரோகிராமை ஏற்றிக்கொண்டே போனார்கள். எட்டு மாதம் கழித்து, மருந்துக் கடையில் வேலை பார்த்த ஒரு பெண்தான், "டீச்சர், கால்சியத்துக்கும் இதுக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும்" என்றாள். கால்சியத்தை ராத்திரிக்கு மாற்றி, காபியை ஒரு மணி நேரம் தள்ளினேன். டி.எஸ்.ஹெச். தானாகக் குறைந்தது.

இப்படிப்பட்ட விஷயங்களைத்தானே ஒரு மருத்துவப் பக்கம் சொல்ல வேண்டும்? நீங்கள் போட்டது என்ன? சில வருடங்களுக்கு முன்பு, ஒரு மண்டலம் கொத்தமல்லி விதைத் தண்ணீர் குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்று உங்கள் பக்கத்தில் வந்தது. என் நாத்தனார் மகள் அதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினாள். முதல் பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. தெரியாது. இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். "பாருங்க அத்தை, நல்லாத்தான் இருக்கேன்" என்று போனில் சொன்னாள். அப்போது அவள் இரண்டு மாதம் முழுகாமல் இருந்தாள். அந்தச் சமயத்தில் மாத்திரையின் அளவைப் பெரும்பாலும் கூட்டத்தான் வேண்டியிருக்கும். முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராய்டு ஹார்மோன்தான் ஆதாரம். அடுத்த பரிசோதனையில் மருத்துவர் கண்டுபிடித்துக் கடிந்துகொண்டார். குழந்தை நல்லபடியாகப் பிறந்து இன்று பள்ளிக்கூடம் போகிறது. ஆனால் பிரசவம் வரை எங்கள் வீட்டில் ஒருவரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. அப்போதே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அது வெளிவரவில்லை. இடம் இல்லாமல் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நடைப்பயிற்சியையோ உடற்பயிற்சியையோ நான் குறை சொல்லவில்லை. நானும் தினமும் நடக்கிறேன். அது மாத்திரைக்குப் பதில் இல்லை, அவ்வளவுதான்.

நான் கேட்பது பெரிதல்ல. மருத்துவப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி போதும். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் மாத்திரை. காபி, டிபனுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை. மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. கர்ப்பம் என்று தெரிந்தால் உடனே அவரிடம் போக வேண்டும். ஒரு மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்தே போடுங்கள்.

கொத்தமல்லிக் குறிப்பு வந்த பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். வேண்டுமானால் நகல் எடுத்து அனுப்புகிறேன். அடுத்த இதழுக்குக் கடைக்காரரிடம் வழக்கம்போலச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகி,
கும்பகோணம்.