ஆற்றோரச் சாலையில் கொஞ்சம் வண்டியை நிறுத்துங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் இந்த ஆண்டு வகுப்புகள் முடிந்துவிட்டன. செப்டம்பரில் பள்ளி திறக்கும்வரை வீட்டுப்பாடம் எதுவும் கிடையாது. ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சென்ற செப்டம்பரில், விடுமுறையில் பார்த்ததை வரையச் சொன்னோம். பெரும்பாலான பிள்ளைகள் போய்ச் சேர்ந்த இடத்தை வரைந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் மரங்களுக்கு மேலே எழுந்து நிற்கும் கெட்சப் பாட்டில் ஒன்றை வரைந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள், ஆசிரியரும் "கற்பனையா?" என்று கேட்டுவிட்டார். கற்பனையே இல்லை. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், காலின்ஸ்வில் ஊரில் அது நிற்கிறது. 1949-இல் ஒரு கெட்சப் ஆலைக்காகக் கட்டிய தண்ணீர்த் தொட்டி. தாங்கும் கால்களோடு சேர்த்து 170 அடி உயரம். பழுதடைந்து கிடந்ததை ஆர்வலர்கள் நிதி திரட்டி 1995-இல் புதுப்பித்தார்கள்.

அதே ஊரை ஒட்டித்தான் கஹோக்கியா மண்மேடுகள் இருக்கின்றன. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த மண்ணின் பூர்வகுடிகள் அங்கே ஒரு பெருநகரத்தை அமைத்திருந்தார்கள். 100 அடி உயரமுள்ள பெரிய மேட்டை, கூடை கூடையாக மண் சுமந்தே எழுப்பினார்கள். 1982-இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மேட்டை வரலாறு என்றும் பாட்டிலை வேடிக்கை என்றும் பிரித்து வைப்பது பெரியவர்களாகிய நம் பழக்கம். பிள்ளைகளுக்கு இரண்டையும் காட்டுங்கள். அவர்களே பிரித்துக்கொள்ளட்டும், அல்லது பிரிக்காமல் இருக்கட்டும்.

இந்தக் கோடையில் எங்கே போனாலும் ஒரு நாளாவது விரைவுச் சாலையை விட்டு இறங்கி, மிசிசிப்பி ஆற்றை ஒட்டிச் செல்லும் கிரேட் ரிவர் ரோடில் வண்டியை ஓட்டுங்கள். 1938-இல் திட்டமிடப்பட்ட வழி அது. மினசோட்டாவிலிருந்து லூசியானா வரை 10 மாநிலங்களைத் தொடுகிறது. தனியாகப் போட்ட ஒரே சாலை அல்ல. பல ஊர்ச் சாலைகளைக் கோத்து உண்டாக்கியது. அதனால் வழி தவறுவது எளிது. பச்சை நிறக் கப்பல் சுக்கான் சக்கரம் வரைந்த பலகைதான் அடையாளம். அதைத் தேடும் வேலையைப் பின் இருக்கைக்காரர்களிடம் ஒப்படையுங்கள். கைபேசி தானாகக் கீழே இறங்கும்.

இல்லினாயின் ஆல்ட்டன் ஊருக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். இங்கே பிறந்த ராபர்ட் வாட்லோ 8 அடி 11.1 அங்குலம் வளர்ந்தவர். அவருடைய ஆளுயரச் சிலைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்காத பிள்ளை இருக்க முடியாது. எடுக்கட்டும். பிறகு லவ்ஜாய் நினைவுத் தூணுக்கும் கூட்டிச் செல்லுங்கள். அடிமை முறையை எதிர்த்து எழுதிய பத்திரிகையாசிரியர் எலைஜா லவ்ஜாய், தம் அச்சு இயந்திரத்தைக் காக்க முயன்றபோது 1837-இல் இதே ஊரில் ஒரு கும்பலால் கொல்லப்பட்டார். செனட் பதவிக்குப் போட்டியிட்ட லிங்கனும் டக்ளஸும் தங்கள் கடைசி விவாதத்தை 1858-இல் நடத்தியதும் இங்கேதான். ஊரை ஒட்டிய அணையில், சரக்குப் படகுகளை நீர்மட்டத்தோடு ஏற்றி இறக்கும் ‘லாக்’ என்ற நீர்க்கதவு அறையைக் காணலாம். பதினைந்து படகுகளைப் பிணைத்து ஒரே விசைப்படகு தள்ளிக்கொண்டு வரும். பொறுமையாகக் காத்திருந்தால் மட்டுமே பார்க்க முடியும்.

மிசௌரியின் ஹேனிபல், எழுத்தாளர் மார்க் ட்வைன் சிறுவனாக வளர்ந்த ஊர். அவருடைய புனைபெயரே படகோட்டிகளின் குரல்தான்: இரண்டு பாகம், அதாவது 12 அடி ஆழம், படகு போகலாம் என்று பொருள். அந்தக் கரையில் நின்று ‘துறை’ என்ற சொல்லைச் சொல்லிக்கொடுங்கள். நம் பிள்ளைகளுக்கு அது அரசுத் துறையாக மட்டுமே தெரிகிறது. படகு வந்து அணையும் இடம் என்று புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் மனதில் ஒட்டவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் கஸ்காஸ்கியா. 1818-இல் இல்லினாய் மாநிலமானபோது முதல் தலைநகரம். இன்று சுமார் இருபது பேர் வசிக்கிறார்கள். நீராவிக் கப்பல்களின் அடுப்புக்காகக் கரையோர மரங்களை வெட்டிக்கொண்டே போனார்கள். பிடிமானம் போன கரை சரிந்தது. 1881-இல் ஆறு புது வழியைப் பிடித்துப் பழைய ஊரின் பெரும்பகுதியை அழித்தது. அதனால் இல்லினாய்க்குச் சொந்தமான அந்த நிலம் ஆற்றின் மேற்கே, மிசௌரியின் பக்கம் இருக்கிறது. முதல் முறை போனபோது, ஒரு சிறு பாலத்தைத் தாண்டியதும் வழிகாட்டிச் செயலி ‘இல்லினாய்’ என்றது. பெரிய ஆற்றைக் கடக்கவே இல்லையே என்று குழம்பி, பாதையைத் தவறவிட்டோம் என நினைத்து வண்டியைத் திருப்பிவிட்டேன். பின் இருக்கையிலிருந்த என் மகன்தான் வரைபடத்தைப் பார்த்து, "அம்மா, இது பழைய ஆறு" என்றான். கீழே தேங்கிக் கிடந்தது மிசிசிப்பியின் பழைய தடம். 1741-இல் பிரான்சு நாட்டு மன்னர் அனுப்பிய மணி இன்றும் அங்கே இருக்கிறது.

அருகிலுள்ள செயின்ட் ஜெனவீவும் 1785 வெள்ளத்துக்குப் பிறகு மேட்டுக்கு இடம்பெயர்ந்த ஊர். மரத்துண்டுகளை நிமிர்த்தி நட்டுச் சுவர் எழுப்பிய பிரெஞ்சு வீடுகள் அங்கே இன்னும் நிற்கின்றன. அங்கிருந்து காரோடு ஆற்றைக் கடக்கப் பெரிய படகு உண்டு. ஆற்றில் நீர் அதிகமானால் அதை நிறுத்திவிடுவார்கள். கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். கரையோரச் சாலைகளில் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டாம். காட்சிமுனை என்று குறித்த இடங்களில் மட்டும் இறங்குங்கள்.

செப்டம்பர் முதல் வகுப்புக்குப் பிள்ளைகள் ஒரு படமும் அரைப் பக்கத் தமிழும் கொண்டுவரட்டும். எழுத்துப் பிழைகள் இருக்கட்டும். தயவுசெய்து நீங்கள் திருத்தி எழுதிக் கொடுக்காதீர்கள். போன முறை மூன்று கட்டுரைகளில் ஒரே அப்பாவின் நடை இருந்ததை நாங்கள் கவனித்தோம்!

கெட்சப் பாட்டில் படம் அலுவலக அறையின் சுவரில் இருக்கிறது. பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்