சிப்பிமேட்டைக் காத்த தீவக உறவுகளுக்கு நன்றி

மழை விட்டும் குழியின் அடியில் இன்னும் நீர் கிடக்கிறது. யாழ்ப்பாணத் தீவகத்துச் சிப்பிமேட்டில் நாம் தோண்டிய அகழ்வுக் குழியில் மழைநீர் புகுந்ததையும், அங்கிருந்து எடுத்த மண்பைகள் நனைந்ததையும் ஊரே அறியும் என்பதால் அதை மீண்டும் விரிக்காமல், இம்மடலை நன்றிக்கே ஒதுக்குகிறேன்.

இரவோடிரவாகத் தறப்பாள் கொண்டுவந்த இளைஞர்களுக்கும், தோட்டத்துக்கு இறைக்கும் இயந்திரத்தை எரிபொருளோடு தந்து காசு வாங்க மறுத்தவர்களுக்கும், வாசிகசாலை மண்டபத்தைத் திறந்துவிட்ட நிர்வாகத்தினருக்கும், நித்திரை மறந்து நின்ற மாணவர்களுக்கும், எம்மெல்லோருக்கும் சோறு சமைத்தனுப்பிய வீடுகளுக்கும் எமது குழுவினரின் மனமார்ந்த நன்றி.

ஆயினும் தனியே நன்றி சொல்லவேண்டியவர் ஒருவர் இருக்கிறார். பெயர் எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டமையால் அவரை அம்மா என்றே குறிப்பிடுகிறேன். கடனீரேரியில் மட்டி பொறுக்கிப் பிள்ளைகளை வளர்த்தவர். நனைந்த பைகள் கிழியத் தொடங்கியதும் எல்லாவற்றையும் ஒரே பாயில் கொட்டிவிட மாணவர்கள் முனைந்தபோது, வாசலில் நின்றவர் உள்ளே வந்து, “கலக்காதையுங்கோ பிள்ளையள், எந்தப் பையிலை வந்ததோ அது தனியக் கிடக்கட்டும்” என்று தடுத்தார். பிறகு தம் வீட்டிலும் அயல்வீடுகளிலும் இருந்த பனையோலைக் கடகங்களையெல்லாம் திரட்டிவந்து, பைக்கொரு கடகமாக வைத்து, பென்சிலால் எழுதிய இலக்கத் துண்டையும் அந்தந்தக் கடகத்திலேயே செருகினார். ஓலைப் பின்னலினூடாக நீரும் வடிந்தது, காற்றும் புகுந்தது. பிளாஸ்ரிக் வாளிகளில் வைத்திருந்தால் பூஞ்சணம் பிடித்திருக்கும்.

இது எத்தகைய உதவி என்பதைச் சற்று விளக்கவேண்டும். சிப்பிமேடு என்பது பண்டைய மக்கள் உண்டு எறிந்த ஓடுகள் படைபடையாகப் படிந்தது. எந்தப் படையில் எது கிடந்தது என்று தெரியாதுபோனால் ஓடு வெறும் ஓடுதான். கடல்நீரிலுள்ள பழைய கரிமம் ஓட்டில் சேர்வதால், கதிரியக்கக் கரிமக் கணிப்பில் (எஞ்சியுள்ள கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயதறியும் முறையில்) சிப்பி தன் உண்மை வயதைவிடச் சில நூறு ஆண்டுகள் மூத்ததாகக் காட்டும். அதைத் திருத்துவதற்கு, கடல்நீரின் கரிமம் சேராத, அதே படையில் கிடந்த அடுப்புக்கரித் துண்டு வேண்டும். ஓட்டின் விளிம்பிலுள்ள ஒட்சிசன் சமதானிகளின் (எடை வேறுபட்ட ஒட்சிசன் அணுக்களின்) விகிதத்தைக்கொண்டு அது எந்தப் பருவத்தில் பொறுக்கப்பட்டது என்றும் கணிக்கலாம். மாரிமழையின் நன்னீர் கலக்கும் எமது கடனீரேரியில் அந்தக் கணிப்புக்கு இரட்டிப்பு அவதானம் தேவை என்பது வேறு கதை.

அம்மா அத்துடன் நிற்கவில்லை. உலர்ந்த இரு கடகங்களைச் சுளகிலிட்டுப் பார்த்தவர், ஒன்றில் முற்றிய மட்டி மட்டுமே இருப்பதையும், மற்றதில் குஞ்சும் முற்றலும் அலையில் தேய்ந்ததும் கலந்திருப்பதையும் காட்டி, “இது ஆக்கள் பொறுக்கினது, அது கடல் ஒதுக்கினது” என்றார். 1848ஆம் ஆண்டில் டென்மார்க்கில் புவியியலாளர், விலங்கியலாளர், தொல்லியலாளர் ஆகிய மூவரைக்கொண்ட குழுவொன்று கரையோரச் சிப்பிக் குவியல்களை ஆராயத் தொடங்கியது. அவை மனிதர் உண்டு எறிந்தவையே என்று நிறுவப்பட்டபோது கைக்கொண்ட சான்றுகளுள், அம்மா காட்டியதுபோல முற்றிய சிப்பிகளே அங்கு கிடந்தமையும் ஒன்று. மிஞ்சிய மண்ணை அரிக்கன் சட்டியிலிட்டு அரித்தவரும் அம்மாவே. அடியில் மீன் முள்ளெலும்புகளும், நகத்தளவிலும் சிறிய படிகக்கற் (குவாட்ஸ்) சீவல் ஒன்றும் தங்கின. ஓடுகளின் சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தை அடக்கிவிடுவதால்தான் அந்த முட்கள் இத்தனை காலம் உக்காமல் இருந்தன. படிகக்கல்லோ சுண்ணக்கல் நிலமான யாழ்ப்பாணத்துக்கு உரியதன்று. பெருநிலப் பரப்பிலிருந்து யாரோ கொண்டுவந்திருக்கவேண்டும்.

அம்பாந்தோட்டைப் பக்கத்துப் பல்லேமல்ல, மினிஎத்திலிய ஆகிய இடங்களின் சிப்பிமேடுகள் ஆய்வு நூல்களில் ஏறிவிட்டன. எமது கரையில் எத்தனை மேடுகள் சுண்ணாம்புச் சூளைக்குப் போயினவோ! இந்த அகழ்வின் அறிக்கையில் மட்டி பொறுக்கும் பெண்களின் அறிவுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்குவோம். அதை ஆங்கிலத்துக்கு முன் தமிழில் வெளியிடுவோம். ஓடுகளைத் தெரிந்து பிரிக்கும் வேலைக்கு இனி அவர்களை உரிய ஊதியத்துடன் ஆய்வுத் துணைவர்களாக அழைப்போம். உங்கள் வளவில் கிணறோ மலசலகூடக் குழியோ வெட்டும்போது கரியும் எலும்பும் கலந்த சிப்பிப் படை தென்பட்டால், அதைச் சூளைக்கு அள்ளிக் கொடுக்குமுன் எமக்கோ பிரதேச செயலகத்துக்கோ ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.

நன்றியுடன்,
அகழ்வுக் குழுவின் சார்பில்