அமெரிக்க ஆலைகளில் வேலை நேரம் தானாகக் குறையவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் வெளியான, அமெரிக்கத் தொழில் வளர்ச்சி பற்றிய கட்டுரையைப் படித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டு முதலாளிகளின் கையைக் கட்டிப்போடச் சட்டம் எதுவும் இல்லாததால்தான் எஃகும் ரயிலும் அங்கே அவ்வளவு வேகமாக வளர்ந்தன என்கிறார் கட்டுரையாளர். செல்வம் பெருகப் பெருக வேலை நேரம் தானாகக் குறைந்தது, குழந்தைகள் ஆலையை விட்டுப் பள்ளிக்குப் போனார்கள் என்றும், ஆகவே இங்கேயும் தொழிற்சாலை ஆய்வுகளைக் குறைத்து நிர்வாகங்கள் தரும் சுயசான்றை ஏற்றுக்கொள்வதே முன்னேற வழி என்றும் முடிக்கிறார். அமெரிக்கா வேகமாக வளர்ந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வளர்ச்சியின் பலன் தொழிலாளியின் வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதில் அவர் சொல்வது வரலாற்றுக்கு முரணானது. தொழிற்சாலை ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதற்கு மறுப்பு எழுதுகிறேன்.

கட்டுரையாளர் பெருமையுடன் குறிப்பிடும் எஃகுத் தொழிலையே எடுத்துக்கொள்வோம். பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் ஆலையில் தொழிற்சங்கத்தை ஒழித்துவிடுவது என்று 1892-இல் ஆண்ட்ரூ கார்னகியும் அவருடைய நிர்வாகி ஹென்றி ஃபிரிக்கும் முடிவு செய்தார்கள். பிங்கர்ட்டன் நிறுவனத்தின் கூலிக் காவலர்கள் சுமார் 300 பேர் ஜூலை 6 அன்று விடியற்காலையில் மோனோங்கஹேலா ஆற்றின் வழியாகப் படகுகளில் வந்திறங்க, நடந்த மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. பின்பு மாநிலப் படை வந்தது, சங்கம் உடைந்தது, உலைக்கூடங்களில் பன்னிரண்டு மணி நேர வேலை நிலைபெற்றது. பகல் ஷிஃப்டும் இரவு ஷிஃப்டும் மாறும் நாளில் ஒரே ஆள் 24 மணி நேரம் தொடர்ந்து உலைக்கு முன்னால் நிற்க வேண்டியிருந்தது. 1901-இல் கார்னகியின் ஆலைகளையும் சேர்த்து உருவான யு.எஸ். ஸ்டீல், மூலதனத்தில் நூறு கோடி டாலரைத் தாண்டிய முதல் நிறுவனம் என்று பெயர் பெற்றது. அங்கே பன்னிரண்டு மணி நேர முறை கைவிடப்பட்டது 1923-இல்தான். அதுவும் அதிபர் ஹார்டிங் நேரடியாக வற்புறுத்திய பிறகு. செல்வம் பெருகினால் வேலை நேரம் தானே குறையும் என்றால், அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஏன் பிடித்தன? (ஹோம்ஸ்டெட் மக்களுக்குக் கார்னகி அழகான நூலகம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார் என்பதும் உண்மை. அவர்கள் எந்த நேரத்தில் போய்ப் படிப்பது என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.)

கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு 1914 ஜனவரியில் அறிவித்த ஐந்து டாலர் நாட்கூலியைக் கட்டுரையாளர் முக்கியச் சான்றாகக் காட்டுகிறார். நகரும் பட்டறை வரிசையின் சலிப்பைத் தாங்காமல் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக விலகிக்கொண்டிருந்த காலம் அது. 1913-இல் அந்த ஆலையில் ஆள் மாற்ற விகிதம் 370 விழுக்காடு; அதாவது நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் ஓராண்டில் 370 பேர் மாறினார்கள். புதியவர்களைச் சேர்த்துப் பழக்கி அனுப்பியே ஓய்ந்துபோன நிர்வாகம் கூலியை உயர்த்தியதில் வியப்பில்லை. அந்த ஐந்து டாலரில் ஏறத்தாழப் பாதி, லாபப் பங்கு என்ற பெயரில் நிபந்தனையோடு வந்தது. தொழிலாளி குடிக்கிறாரா, வீடு சுத்தமாக இருக்கிறதா, பணம் சேமிக்கிறாரா என்று பார்க்க நிறுவனமே ஆட்களை வீடுகளுக்கு அனுப்பியது. அரசு ஆய்வாளர் ஆலைக்குள் வருவதை ஆகாது என்பவர்கள், ஆலை ஆய்வாளர் அடுக்களைக்குள் வந்ததை எப்படி ரசிக்கிறார்களோ தெரியவில்லை. அதே நிறுவனம் 1941 வரை தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ள மறுத்தது.

உண்மையில் வேலை நேரத்துக்கான கோரிக்கை, செல்வம் குவிவதற்கு வெகு காலம் முன்பே எழுந்துவிட்டது. மாசசூசெட்ஸின் லோவெல் பஞ்சாலைகளில் வேலை செய்த கிராமத்துப் பெண்கள் கூலிக் குறைப்பை எதிர்த்து 1834-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். விடுதிக் கட்டணத்தை உயர்த்தியபோது 1836-இல் மீண்டும் வெளியே வந்தார்கள். 1845-இல் சாரா பேக்லி போன்றோரின் தலைமையில் பத்து மணி நேர வேலை கேட்டு மாநிலச் சட்டமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். சட்டமன்றக் குழு அவர்களை அழைத்து விசாரித்தது. சட்டத்தால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று கைவிரித்தது. பெண்களுக்கான பத்து மணி நேரச் சட்டம் அந்த மாநிலத்தில் 1874-இல் வந்தது. மனுவில் கையெழுத்திட்ட பெண்களின் மகள்களுக்காவது அது பயன்பட்டிருக்கும்.

எட்டு மணி நேரத்துக்காக 1886 மே முதல் நாளில் சிகாகோவில் தொடங்கிய போராட்டமும், மே 4 அன்று ஹேமார்க்கெட் சதுக்கத்தில் வெடித்த குண்டும், அதைத் தொடர்ந்து நால்வர் தூக்கிலிடப்பட்டதும் தமிழ் வாசகர்களுக்குப் புதியவை அல்ல. அந்த நாளைச் சிங்காரவேலர் 1923-இலேயே சென்னையில் கொண்டாடினார். ஆனால் அதன் தொடர்ச்சி இங்கே அதிகம் பேசப்படுவதில்லை. அந்த வழக்கில் சிறையிலிருந்த மற்ற மூவரை இல்லினாய் ஆளுநர் ஜான் ஆல்ட்கெல்ட் 1893-இல் விடுவித்தார். அதே ஆண்டில் அந்த மாநிலத்தின் தொழிற்சாலைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்து, அதைச் செயல்படுத்தத் தலைமை ஆய்வாளராக ஃப்ளாரன்ஸ் கெல்லி என்ற பெண்மணியை அமர்த்தினார். பெண்களுக்கு எட்டு மணி நேரம், பதினான்கு வயதுக்குட்பட்டோரை ஆலைகளில் வைக்கத் தடை என்பவை அச்சட்டத்தின் முக்கியக் கூறுகள். கெல்லிக்குக் கீழே ஓர் உதவியாளரும் பத்துத் துணை ஆய்வாளர்களும் இருந்தார்கள். அவர்களைக் கொண்டு சிகாகோவின் சந்துகளில் இருந்த தையல் கூடங்களில் ஏறி இறங்கினார். பெரியம்மை பரவிய 1894-இல், நோயாளி படுத்திருந்த அறையிலேயே கடைக்குப் போக வேண்டிய துணிகள் தைக்கப்படுவதைக் கண்டு அறிக்கை எழுதினார். படச் சட்டங்களுக்கு நச்சுத் திரவத்தால் பொன்முலாம் பூசிய பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு வலக் கை செயலிழந்துபோனது. அந்த வழக்கை நடத்த அரசு வழக்கறிஞர் அலுவலகம் அக்கறை காட்டாததால், கெல்லி தாமே சட்டக் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்று வழக்குகளைக் கையில் எடுத்தார். இந்தத் துறையில் இருந்த எவருக்கும் இது நெஞ்சில் நிற்கும் செய்தி. குற்றத்தைக் கண்டுபிடிப்பது ஆய்வாளரின் வேலையில் எளிய பகுதி. வழக்கை நகர்த்துவதுதான் கடினம்.

எட்டு மணி நேரப் பிரிவை இல்லினாய் உச்ச நீதிமன்றம் 1895-இல் செல்லாதென அறிவித்தது. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான ஒப்பந்தச் சுதந்திரத்தில் அரசு தலையிடக் கூடாது என்பது காரணம். ரொட்டித் தொழிலாளர்களுக்கு வாரம் 60 மணி நேரம் என்று வரம்பு விதித்த நியூயார்க் சட்டத்தையும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905-இல் இதே வாதத்தால், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், வீழ்த்தியது. பெண்களுக்குப் பத்து மணி நேரம் என்ற ஓரிகன் மாநிலச் சட்டம் ஒரு சலவைக்கூட உரிமையாளரால் எதிர்க்கப்பட்டபோதுதான் நிலைமை மாறியது. அந்தச் சட்டத்தைக் காக்க வழக்கறிஞர் லூயி பிராண்டைஸ் 1908-இல் தாக்கல் செய்த மனுவில் சட்ட வாதம் இரண்டே பக்கம். மீதி நூறு பக்கங்களுக்கு மேல், நீண்ட நேர வேலை உடலை என்ன செய்கிறது என்பதற்கான சான்றுகள். கெல்லியின் துணையோடு ஜோசஃபின் கோல்ட்மார்க் திரட்டிய அச்சான்றுகளில் பெரும்பகுதி மருத்துவர்களும் தொழிற்சாலை ஆய்வாளர்களும் பல நாடுகளில் எழுதிய அறிக்கைகள். எங்கோ ஒரு அலுவலக அலமாரியில் தூசி படிந்திருந்த ஆண்டறிக்கைகள் ஒரு நாட்டின் நீதிமன்றத்தைத் திருப்பின. பெண்கள் பலவீனமானவர்கள் என்ற அடிப்படையில் எழுதப்பட்ட அந்தத் தீர்ப்பு பின்னாளில் பெண்களுக்கே பாதகமாகவும் பயன்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

சட்டப் புத்தகத்துக்கும் பட்டறைத் தளத்துக்கும் உள்ள தூரத்தை 1911-ஆம் ஆண்டு மார்ச் மாதம் காட்டியதுபோல் வேறெதுவும் காட்டவில்லை. வேலையில் காயம்பட்ட தொழிலாளிக்கு இழப்பீடு வழங்கும் சட்டத்தை நியூயார்க்கின் உயர்நிலை நீதிமன்றம் மார்ச் 24 அன்று செல்லாதெனத் தீர்ப்பளித்தது. மறுநாள் சனிக்கிழமை, வேலை முடியும் நேரத்தில், ஆஷ் கட்டடத்தின் மேல் மூன்று தளங்களில் இயங்கிய டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. வெட்டுமேசைகளின் அடியில் குவிந்திருந்த பருத்திக் கழிவுகளில் தீ ஓடியது. ஒன்பதாம் தளத்தில், வாஷிங்டன் பிளேஸ் என்ற தெருவின் பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. துணி திருடுகிறார்களா என்று பைகளைச் சோதிக்க வசதியாக எல்லோரும் மறு பக்கத்து வழியாகவே வெளியேற வேண்டும் என்பது நிர்வாகத்தின் ஏற்பாடு. வெளிப்புற இரும்புப் படி பாரம் தாங்காமல் பிடுங்கிக்கொண்டு விழுந்தது. தீயணைப்பு ஏணி ஆறாம் தளம் வரைதான் எட்டியது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த இளம்பெண்கள். தீப்பிடிக்காத வகையில் கட்டப்பட்டது என்று சொல்லப்பட்ட அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. கதவு பூட்டியிருந்தது உரிமையாளர்களுக்கு அந்த வேளையில் தெரிந்திருந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று அவர்கள் விடுதலையானார்கள். இழப்பீடு கேட்டுச் சென்ற குடும்பங்களுக்கு 1914-இல் உயிருக்கு 75 டாலர் கிடைத்தது.

பூட்டிய அவசர வழிகளை நானும் பார்த்திருக்கிறேன். "சாவி சூப்பர்வைசர்கிட்ட இருக்கு சார், இப்ப வந்துடுவாரு" என்ற பதில் எல்லா ஊர்களிலும் ஒன்றுதான்.

இந்தத் தீயை நேரில் பார்த்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண்மணி. மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களான ராபர்ட் வாக்னர் தலைவராகவும் ஆல் ஸ்மித் துணைத் தலைவராகவும் இருந்த விசாரணை ஆணையத்தில் பணியாற்றிய அவர், அறிக்கை எழுதித் தருவதோடு நிறுத்தவில்லை. தீ விபத்தில் தப்பும் வழி என்று ஓர் ஆலை கணக்குக் காட்டிய சிறிய துவாரத்தின் வழியே வாக்னரையே ஊர்ந்து வெளியேறச் செய்தார்; அதற்கு அப்பால் இருந்தது பனி உறைந்த ஓர் ஏணி. கயிறு ஆலையில் இரவு முழுதும் உழைத்துவிட்டு விடியலில் வெளியே வரும் பெண்களை ஸ்மித் பார்க்கும்படி செய்தார். பழம், காய்கறி பதப்படுத்தும் கூடங்களில் பள்ளிப் பருவம்கூட எட்டாத பிள்ளைகள் அவரைக்காய் முறிப்பதையும் பட்டாணி உரிப்பதையும் காட்டினார். அடுத்த மூன்று ஆண்டுகளில் நியூயார்க் மாநிலம் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்களை நிறைவேற்றியது. அந்தப் பெண்மணிதான் 1933-இல் ரூஸ்வெல்ட் அமைச்சரவையில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்றார். அவர் காலத்தில் வந்தவைதான் 1935-இன் தொழிற்சங்க உரிமைச் சட்டம், சமூகப் பாதுகாப்புச் சட்டம், 1938-இன் வேலை நேர, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆகியவை.

குழந்தைகள் தாமாகப் பள்ளிக்குத் திரும்பினார்கள் என்ற கூற்றுக்கும் ஒரு வார்த்தை. 1900-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி பத்து முதல் பதினைந்து வயது வரையிலான பதினேழரை லட்சம் பேர் வேலையில் இருந்தார்கள். லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் வெவ்வேறு வேடங்களில் ஆலைகளுக்குள் நுழைந்தார். தம் சட்டைப் பொத்தான்கள் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று தெரிந்துவைத்திருந்து, அதைக் கொண்டே பிள்ளைகளின் உயரத்தைக் குறித்துக்கொண்டார். 1916-இல் காங்கிரஸ் கொண்டுவந்த தடைச் சட்டத்தை 1918-இலும், அதற்கு மாற்றாக வந்த வரிச் சட்டத்தை 1922-இலும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1938-இன் சட்டத்தை 1941-இல் அதே நீதிமன்றம் ஏற்றபோதுதான் இந்த வழக்கு முடிந்தது. தானாக நடந்த காரியத்துக்கு இருபத்தைந்து ஆண்டு வழக்கு எதற்கு?

ஆய்வாளர் மட்டுமே எல்லாவற்றையும் சாதித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. மாசசூசெட்ஸில் வாரத்துக்கு 56 மணி நேரம் என்றிருந்ததை 54 ஆகக் குறைத்த சட்டம் 1912 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தவுடன், லாரன்ஸ் ஊரின் பஞ்சாலைகள் கூலியையும் அதற்கேற்பக் குறைத்தன. இரண்டு மாத வேலைநிறுத்தம்தான் அந்தக் கூலியை மீட்டது. அதே அமெரிக்கத் தொழிற்சங்கங்களில் பல, சீனர்கள் நாட்டுக்குள் வருவதைத் தடுத்த 1882-இன் சட்டத்தை ஆதரித்தன. கறுப்பினத்தாரைச் சேர்க்க மறுத்தன. 1935, 1938-இன் சட்டங்கள் வயல் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்வோரையும் ஒதுக்கிவைத்தன. தென் மாநிலங்களில் அந்த வேலைகளில் பெரும்பாலும் இருந்தவர்கள் கறுப்பினத்தவர். சட்டம் எட்டாத இடத்தில் வளர்ச்சி தானாக எட்டிப்பார்க்கவில்லை என்பதற்கு அவர்களே சாட்சி.

பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் தரும் திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறி, எதிர்ப்பு வலுத்ததால் மே நாளில் திரும்பப் பெறப்பட்டதைக் கட்டுரையாளர் வளர்ச்சிக்கு ஏற்பட்ட இழப்பு என்கிறார். அது அவருடைய கருத்து, இருக்கட்டும். ஆனால் அதற்கு அமெரிக்க வரலாற்றைச் சாட்சிக்கு அழைப்பதாக இருந்தால், வரலாற்றை முழுதாக அழைக்க வேண்டும். ஆய்வுக்கு மாற்றாக நிர்வாகத்தின் சுயசான்றே போதும் என்று அவர் உறுதியாக நம்பினால், டிரையாங்கிள் ஆலையின் உரிமையாளர்களிடம் 1911 மார்ச் 24 அன்று அப்படி ஒரு சான்று கேட்கப்பட்டிருந்தால், ஒன்பதாம் தளத்துக் கதவுக்கு நேரே அவர்கள் என்ன எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்பதை அடுத்த கட்டுரையில் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொழிற்சாலை ஆய்வாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.