பாதி திபெத்தைக் காணோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தலாய் லாமாவுக்கு அடுத்து யார் என்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கூடவே போட்டிருந்த வரைபடத்தைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. அதில் திபெத் என்று நிறம் தீட்டியிருப்பது 1965-இல் சீன அரசு அமைத்த தன்னாட்சிப் பகுதியை மட்டும். தலாய் லாமா பிறந்த தக்சேர் கிராமமே அந்த நிறத்துக்கு வெளியே, சிங்ஹாய் மாகாணத்தில் இருக்கிறது.

திபெத்தியர்கள் தாயகம் என்று சொல்வது உ-சாங், கம், அம்தோ என்ற மூன்று பகுதிகளும் சேர்ந்த பீடபூமியை. அம்தோவும் கம்மின் கிழக்குப் பகுதியும் இன்று நான்கு சீன மாகாணங்களில் பிரிந்து கிடக்கின்றன, திபெத்தியரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அங்கேதான் வாழ்கிறார்கள்.

தன்னாட்சிப் பகுதியின் இந்த எல்லைக்கோட்டுக்காக உயிர்கள் போயிருக்கின்றன. பழைய ஆட்சிமுறையில் கை வைப்பதில்லை என்று, திபெத்தைச் சீனாவோடு இணைத்த 1951 ஒப்பந்தத்தில் தலைநகர் லாசாவில் இருந்த திபெத்திய அரசுக்குக் கொடுத்த வாக்கு கிழக்கே செல்லாது என்று பெய்ஜிங் எடுத்துக்கொண்டது. அங்கே நிலச் சீர்திருத்தத்தைத் திணித்தார்கள், மக்கள் ஆயுதம் எடுத்தார்கள், 1956-இல் லித்தாங் மடாலயத்தின் மேல் விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள். தப்பியவர்கள் வந்து குவிந்த லாசாவில்தான் 1959 மார்ச் 10 கிளர்ச்சி வெடித்தது. 2009-க்குப் பிறகு சீன ஆட்சியை எதிர்த்து நூற்றைம்பது பேருக்கு மேல் தீக்குளித்தார்களே, அது தொடங்கியது சிச்சுவானின் ஙாபாவில். தாய்மொழியில் கல்வி கேட்டு ஐந்தாண்டு சிறையில் இருந்த கடைக்காரர் தாஷி வாங்சுக்கின் ஊரான யூஷு சிங்ஹாயில். இதில் எதுவுமே உங்கள் திபெத்துக்குள் வராது!

சீனப் படை நுழைந்த 1950-க்கு முன்பே கிழக்கின் பெரும்பகுதியில் லாசாவின் ஆட்சி செல்லவில்லை என்று சிலர் சொல்வார்கள். சரி, அது உண்மைதான். ஆனால் அரசு வரி வாங்கிய எல்லை வேறு, ஒரு மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண் வேறு. சீன அரசே அந்த மாவட்டங்களுக்குத் திபெத்தியத் தன்னாட்சி மாவட்டங்கள் என்றுதானே பெயர் வைத்திருக்கிறது?

தர்மசாலாவில் இயங்கும் நாடுகடந்த திபெத்திய நிர்வாகம் இன்று தனிநாடுகூடக் கேட்கவில்லை. இந்தப் பகுதிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நிர்வாகம், உண்மையான தன்னாட்சி, இவ்வளவுதான் கேட்கிறார்கள். பெய்ஜிங் மறுப்பதும் இதைத்தான். அப்படியிருக்க, அந்த மறுப்பையே நாம் வரைபடமாக அச்சிட்டு வாசகர் கையில் கொடுப்பது நியாயமா? அடுத்த முறை அந்தக் கிழக்கு மாவட்டங்களையும் வேறு நிறத்திலாவது காட்டுங்கள், கீழே ஒரு வரி விளக்கம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்