பவுடர் பூசாத முகம்

கும்பகோணம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளின் திருமணம் நல்லபடியாக நடந்தேறியதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். முழங்கால் வலியால் வர இயலாமல் போனது இன்னும் மனத்தை உறுத்துகிறது. புதிதாக ஸ்டூடியோ திறந்திருக்கும் மாப்பிள்ளைக்கு விளக்கு வைக்கும் முறைகளை எழுதச் சொல்லியிருந்தாய். ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக முகத்தைக் காட்டும் ரெம்ப்ராண்ட் லைட்டிங் முதலானவற்றை அவர் எங்கும் படித்துக்கொள்வார். இத்தனை ஆண்டுத் தொழிலில் நான் மிகவும் தாமதமாகக் கற்றுக்கொண்ட ஒன்றை மட்டும், அதாவது நம் ஊர்க் கறுத்த முகத்துக்கு எப்படி விளக்கு வைப்பது என்பதை மட்டும், எழுதுகிறேன்.

நாம் தொழில் பழகிய இடம் உனக்கு நினைவிருக்கும். கறுத்தவர் யார் வந்தாலும் முதலில் கண்ணாடி முன்னாலிருக்கும் பவுடர் டப்பாவைத்தான் காட்டுவோம். பிறகு இரு பக்கமும் ஐந்நூறு வாட் விளக்குகளை முகத்துக்கு நேராகத் திருப்பிவைத்து, பிரிண்டிலும் வெளுப்பேற்றி அனுப்புவோம். கன்னமும் மூக்கும் ஒன்றாகிப்போன அந்தப் படங்களை எத்தனை வீடுகளில் மாலை போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தவறு நம் ஊரில் மட்டும் இல்லை. படம் பிரிண்ட் போடும் லேப்களில் நிறம் சரிபார்ப்பதற்குக் கோடாக் நிறுவனம் அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் பல்லாண்டுக் காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தானே இருந்தது.

சென்ற மாதம் எண்பது வயதுப் பாட்டி ஒருவரைப் பேத்தி அழைத்து வந்தாள். நல்ல கறுப்பு, இரண்டு மூக்கிலும் மூக்குத்தி, தும்பைப்பூப் போல நரைத்த தலை. உள்ளே வந்ததும் கண்ணாடியைப் பார்த்து, “பவுடர் இருக்கா தம்பி?” என்றார். வேண்டாம் என்று சொல்லி உட்காரவைத்தேன்.

தோலில் பட்ட ஒளி இரண்டு விதமாகத் திரும்பி வருகிறது. ஒரு பகுதி தோலுக்குள் புகுந்து, அதன் நிறத்தை வாங்கிக்கொண்டு சிதறி வரும். மற்றொரு பகுதி மேலேயுள்ள எண்ணெய்ப் பசையில் பட்டுக் கண்ணாடியில் படுவதைப் போலத் தெறிக்கும். கறுத்த தோலில் முதலாவது குறைவாக இருப்பதால் இரண்டாவதான மினுக்கம் எடுப்பாகத் தெரிகிறது. நாம் பவுடர் பூசி அழித்தது இதைத்தான். ஆனால் கறுத்த முகத்துக்கு வடிவம் தருவதே இதுதான். சிறிய விளக்கு வைத்தால் நெற்றியில் வெள்ளைப் பொட்டுகளாக விழுகிற அதே மினுக்கம், பெரிய விளக்கு வைத்தால் கன்ன எலும்பின்மேல் அகலமாகப் படர்ந்து ஓரத்தில் மெல்ல மங்கும்.

பாட்டிக்கு நான்கடி சாஃப்ட்பாக்ஸை, அதாவது வெள்ளைத் துணி மூடிய பெட்டி விளக்கை, முதலில் 6 அடி தொலைவில் வைத்தேன். எந்த அபர்ச்சர் (லென்ஸ் துளை) எண் வைக்க வேண்டும் என்று சொல்லும் ஒளி மீட்டர் 5.6 காட்டியது; எண் கூடினால் வெளிச்சம் கூடுதல், துளையை மூட வேண்டும் என்று பொருள். விளக்கின் பவரைத் தொடாமல் 3 அடிக்குக் கொண்டுவந்தபோது 10 காட்டியது. தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு என்ற பாடக் கணக்குப்படி 11 காட்டியிருக்க வேண்டும்; இவ்வளவு பெரிய விளக்குக்கு அருகில் அது சற்றுக் குறையும். அபர்ச்சரை அதற்கேற்ப மூடியதும் தோலின் நிறம் முன்போலவே பதிந்தது, மினுக்கம் மட்டும் அடங்கிவிட்டது. மினுக்கம் என்பது தோலில் தெரியும் விளக்கின் பிம்பம். விளக்கை நெருக்கினால் பிம்பம் பெரிதாகுமே ஒழிய அதன் பிரகாசம் கூடாது. இந்த ஒரு வரியை இருபது வயதில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், எத்தனையோ முகங்களுக்கு நான் நியாயம் செய்திருப்பேன்.

மீட்டரைத் தாடைக்கு அருகில் பிடித்து விழுகிற ஒளியை அளக்கச் சொல். கேமராவின் மீட்டரை நம்பி முகத்தை அளந்தால், அது கறுப்பையும் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும்.

நிழல் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தெர்மாகோலைத் தவிர வேறு விளக்கு வைக்கவில்லை. அதன் பிம்பமே தாடையோரம் மெல்லிய கோடாக விழுந்து, கரும்பச்சைத் திரையிலிருந்து முகத்தைப் பிரித்துக் காட்டியது. கருங்கூந்தலாக இருந்தால் பின்னாலிருந்து ஹேர் லைட் வேண்டும். இந்த நரைக்கு அது வெளுத்து எரிந்திருக்கும். பாட்டியின் மூக்குக் கண்ணாடியில் சாஃப்ட்பாக்ஸ் தெரிந்ததால் ஸ்டாண்டைச் சற்று உயர்த்தி, கண்ணாடியின் கால்களைக் காதுக்கு மேலே சிறிது தூக்கிவிட்டேன். கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்ந்ததும் விழிகள் தெளிந்தன.

மாப்பிள்ளையை உன் முகத்திலேயே பழகச் சொல். நீயும் நானும் கறுப்புதானே. பவுடர் இல்லாமல் உட்கார். 6 அடியிலிருந்து ஒவ்வோர் அடியாக விளக்கை நெருக்கி, ஒவ்வொரு முறையும் மீட்டர் பார்த்து அபர்ச்சரை மூடி, நான்கு படங்கள் எடுக்கட்டும். அவற்றை ரீடச் செய்யாமல் பிரிண்ட் போட்டு எனக்கு அனுப்பு. உன் நெற்றியைப் பார்த்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்